கற்கும் ஆசிரியர்

நுழையும்முன்

ஏடும் எழுத்தாணியும் இருந்த ஆசிரியர் கையில் சுண்ணக்கட்டி வந்தது. இன்று தொடுதிரையும் வந்துள்ளது. கருவிகள் மாறினாலும் கற்பித்தலின் நோக்கம் மாறுவதில்லை. மாறும் கருவியை மாறா நோக்கத்திற்குப் பயன்படுத்த, ஆசிரியர் தாமும் கற்றுக்கொண்டே இருத்தல் வேண்டும்.

காலமும் கருவியும்

நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமையாகக் காட்டுகிறது நன்னூல். கலைகளைத் தெளிவாகக் கற்றிருப்பதோடு, அவற்றை எடுத்துரைக்கும் திறனும் ஆசிரியருக்கு வேண்டும் என்பது அதன் கருத்து. எடுத்துரைக்கும் வழிகளுள் ஒன்றாக இன்று தொழில்நுட்பமும் இணைந்துள்ளது. தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கருவிகளைக் கையாளும் திறன் ஆசிரியர்க்கு இன்றியமையாததாயிற்று.

திறன்களின் படிநிலை

ஆசிரியர்களுக்கான தகவல் தொடர்புத் தொழில்நுட்பத் திறன் வரைவை யுனெஸ்கோ நிறுவனம் 2008இல் வெளியிட்டது. 2018இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு, 18 திறன்களை அறிவைப் பெறுதல், ஆழப்படுத்துதல், உருவாக்குதல் என மூன்று நிலைகளில் வகுக்கிறது. கருவியை இயக்கத் தெரிவது தொடக்கமே. அதனால் கற்றலை வளர்ப்பதே முதிர்ச்சி.

ழகர, ளகர வேறுபாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரின் வாசிப்பை அலைபேசியில் பதிவுசெய்து அவரையே கேட்கச் செய்யலாம். தம் ஒலிப்பைத் தாமே கேட்கும் மாணவர், பிழையைத் தாமே உணர்வார். தனி ஊசலின் குண்டு கனமானால் அலைவுநேரம் மாறுமா என வினவி, விடைகளைக் கரும்பலகையில் எழுதியபின் அசைவூட்டப் படத்தைக் காட்டலாம். வினா முன்னே வரும்போது காட்சி வேடிக்கையாகாமல் விளக்கமாகிறது.

விழிப்பும் பொறுப்பும்

செயற்கை நுண்ணறிவுச் செயலி, இல்லாத குறளையும் இருப்பதுபோல் எழுதித் தரக்கூடும். மூலநூலோடு ஒப்பிட்டு உண்மை காணும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்ட, அச்செயலியின் இயல்பை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். வீட்டில் அலைபேசி இல்லாத மாணவரை மறவாதிருத்தலும் அவர் கடமையே. கருவி எட்டாத மாணவருக்கும் பாடம் எட்டச் செய்வதே ஆசிரியரின் திறன்.

கற்பவை கற்றபின்

உங்கள் வகுப்பறையில் தொழில்நுட்பத்தால் எளிதில் விளங்கிய பாடம் ஒன்றையும், கரும்பலகையால் நன்கு விளங்கிய பாடம் ஒன்றையும் ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.