ரயில் கேட்டில் ஒரு நிமிடம்



ஒருநாள் காலையில் ஒருவர் மணிக்கட்டு உடைந்து நம் டிஸ்பென்சரிக்கு வந்தார். "பெரட்டுக்கு நேரமாச்சுங்க டிரசரய்யா, கேட்டை அவசரமா தாண்டினேன். மோட்டார் சைக்கிள் தண்டவாளத்துல வழுக்கிடுச்சு" என்றார். ரயில் வருவதற்குள் எழுந்து விலகிவிட்டார். அதனால்தான் காரணம் சொல்ல ஆள் இருந்தார்.

இரட்டை மின்பாதை போட்ட இடங்களில் மேம்பாலங்கள் வந்துவிட்டன. ஆனால் கிம்மாஸிலிருந்து தும்பாட் செல்லும் ஒற்றைப் பாதையில், சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடங்கள் இன்னும் உண்டு. அங்கே மூன்று விஷயங்களை மறக்கக்கூடாது.

ஒன்று: ரயிலால் உடனே நிற்க முடியாது. இரும்புத் தண்டவாளத்தில் ஓடும் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறைவு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில், ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும்.

இரண்டு: நம் கண் ஏமாற்றும். பெரிய பொருள் தூரத்தில் வரும்போது மெதுவாக வருவதுபோலத் தோன்றும். "இன்னும் தூரமாத்தானே வருது" என்று நம்பாதீர்கள்.

மூன்று: தண்டவாளங்களுக்கு இடையே 1 மீட்டர்தான். ரயில் பெட்டியோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அகலம். ஆகவே ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

கேட் மூடியிருந்தால் அதைச் சுற்றியோ, அதன் கீழே நுழைந்தோ போகாதீர்கள். கேட் இல்லாத இடத்தில் நின்று, இருபுறமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டுப் போங்கள். மோட்டார் சைக்கிளைச் சாய்வாக ஓட்டாமல் நேராகக் கடத்துங்கள். மழையில் தண்டவாளம் சோப்புப் போல வழுக்கும். தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றாதீர்கள். ஆள் ஏற்றிய லாரியானால், மறுபக்கம் முழு லாரிக்கும் இடம் இருந்தால் மட்டுமே ஏறவேண்டும்.

வண்டி நடுவில் நின்றுவிட்டால் எல்லாரும் உடனே இறங்குங்கள். சாமான் எடுக்க நிற்காதீர்கள். ரயில் வருவது தெரிந்தால், தண்டவாளத்தை விட்டு விலகி, ரயில் வரும் திசைப் பக்கமாக ஓடுங்கள். எதிர்ப்பக்கம் ஓடினால் இடிபட்ட வண்டியின் துண்டுகள் மேலே விழும்.

விபத்து நடந்துவிட்டால் 999-க்குக் கூப்பிடுங்கள். ரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். அடிபட்டவர் தண்டவாளத்திலோ வேறு ஆபத்திலோ இல்லையென்றால் தூக்கி உட்காரவைக்க வேண்டாம். கழுத்தும் முதுகெலும்பும் கெட்டுவிடும். மூச்சு விட முடிகிறதென்றால் ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள். குடிக்க ஒன்றும் கொடுக்காதீர்கள்.

வேலைக்குப் போகும் வழியில் விபத்து என்றால் சொக்சோ உதவி உண்டு. ஆனால் எந்தப் பணமும் போன காலைத் திருப்பித் தராது. பெரட்டுக்குப் பிந்தினால் ஒரு ஏச்சோடு போகும். பிள்ளைகளுக்கு அப்பாவும் அம்மாவும் வீடு திரும்ப வேண்டும். கேட்டில் ஒரு நிமிடம் நில்லுங்கள்.