மெயின்ஃப்ரேம் முதல் பாடம்: புள்ளி எங்கே இருக்கு?

வேலையில் சேர்ந்ததும் மெயின்ஃப்ரேம் ப்ராஜெக்ட் என்று சொன்னால் பலருக்கு முகம் வாடிடும். 1959-ல் உருவாக ஆரம்பிச்ச மொழியை இப்போ எதுக்குப் படிக்கணும்? காரணம் சிம்பிள். உலகத்தில் பல வங்கிகளின் கணக்குகள் இன்னும் அதில்தான் ஓடுது. வாங்க, அடிப்படையைப் பார்த்துடலாம்.

முதலில் ஜேசிஎல். புரோகிராமை ஓட்டச் சொல்லி சிஸ்டத்துக்குக் கொடுக்கிற விண்ணப்பம் மாதிரி இது. முக்கியமா மூன்று வரிகள்: யாருடைய வேலை என்று சொல்ல ஜாப், எந்தப் புரோகிராம் என்று சொல்ல எக்ஸெக், எந்த ஃபைல் என்று சொல்ல டிடி. ஃபைல் பெயர் ஜேசிஎல்லில் இருப்பதால், புரோகிராமைத் தொடாமலே வேறு ஃபைலை வைத்து ஓட்டலாம்.

அடுத்து கோபோல். இதில் நான்கு டிவிஷன்கள்: ஐடென்டிஃபிகேஷன், என்விரான்மென்ட், டேட்டா, ப்ரொசீஜர். 80 காலம் பஞ்ச் கார்டு காலத்துப் பழக்கம் இன்னும் இருக்கு. 7-வது காலத்தில் நட்சத்திரக் குறி போட்டால் அது கமென்ட். கட்டளைகளை 12 முதல் 72 வரைக்குள் எழுதணும்.

எல்லாரும் ப்ரொசீஜருக்குத்தான் ஓடுவாங்க. நீங்க டேட்டா டிவிஷனில் கொஞ்சம் நில்லுங்க. ஃபைலில் 0012550 என்று ஏழு இலக்கம் இருக்கு என்று வைத்துக்கொள்வோம். அதை பிக் 9(5)வி99 என்று அறிவித்தால் மதிப்பு 125.50 ரூபாய். ‘வி’ என்பது கற்பனைப் புள்ளி, ஃபைலில் அதுக்கு இடமே கிடையாது. அதே ஏழு இலக்கத்தை பிக் 9(7) என்று அறிவித்தால்? 12,550 ரூபாய்! புள்ளி எங்கே என்று ஃபைலுக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும்.

கணக்குப் போடுற இடத்தில் எண்ணே இல்லாத குப்பை வந்தால், பொதுவா ஜாப் எஸ்0சி7 என்று பாதியில் நின்னுடும். புதுசா வர்றவங்க இதைப் பார்த்துத்தான் பயப்படுவாங்க. ஆனா புள்ளி தப்பினால் எந்த எரரும் வராது. ரிட்டர்ன் கோடு 0 என்று அழகா முடியும், ஒருத்தர் கணக்கில் மட்டும் தொகை நூறு மடங்கு ஆகியிருக்கும். ரிட்டர்ன் கோடு 0 என்றால் புரோகிராம் ஓடி முடிஞ்சது என்றுதான் அர்த்தம், விடை சரி என்று இல்லை.

அதனால் கோடு எழுதும் முன் ரெக்கார்டு லேஅவுட்டைக் கேட்டு வாங்குங்க. பயிற்சிக்கு, லேப்டாப்பில் இலவச ஜிஎன்யு கோபோலைப் போட்டு, அந்த ஏழு இலக்கத்தை ரீடிஃபைன்ஸ் மூலம் இரண்டு பிக்கிலும் அறிவிச்சு டிஸ்ப்ளே பண்ணிப் பாருங்க. ஒரு தடவை கண்ணால் பார்த்தா மறக்காது.