பாசத்துக்கும் ஓர் அளவு: புதுத் தோட்டக்காரிக்குப் பத்து அறிவுரைகள்

பிள்ளை, பாரிசின் புறநகரான கூசேன்வில்லில் உன் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கிடக்கிறது, அதில் ருட்பெக்கியா வைக்கப்போகிறேன் என்றாய். நல்ல தெரிவு. மஞ்சள் இதழும் கறுத்த நடுக்குமிழுமாக ஆடியில் பூக்கத் தொடங்கினால் ஐப்பசி வரை ஓயாத செடி. நடுவது, கொத்துவது, வெட்டுவது எல்லாம் அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்கலாம். எந்த இடத்தில் கையை எடுக்கவேண்டும் என்று சொல்லத்தான் ஒரு கடிதம் தேவைப்படுகிறது. எங்கள் சனத்துக்கு அன்பு என்றால் மேலும் மேலும் போடுவது. வந்தவருக்குச் சோறு போடுவோம், மரத்துக்குப் பசளை போடுவோம், வாடினாலும் வாடாவிட்டாலும் தண்ணீர் ஊற்றுவோம். இந்தச் செடிக்கு அவ்வளவு அன்பு ஆகாது. அதனால்தான் தோட்டம் தொடங்குகிறவர்களுக்கு இது நல்ல வாத்தியார்.

1. வாங்கும் முன் அதன் ஆயுளைக் கேள். ருட்பெக்கியா என்று ஒரே பெயரில் விற்றாலும் வகை பல. இலையெல்லாம் சுணையாக, தொட்டால் சொரசொரக்கும் 'ஹிர்த்தா' விதைத்த ஆண்டே பூக்கும். ஒன்றிரண்டு ஆண்டில், மிஞ்சினால் மூன்றில், தன் கணக்கை முடித்துக்கொள்ளும். 'ஃபுல்கிடா' முழங்காலைத் தாண்டி வளர்ந்து, ஆண்டுதோறும் அதே அடியிலிருந்து துளிர்க்கும். 'லாசினியாட்டா' இரண்டு மீட்டர் போகும், மதிலோரம் நிற்கவேண்டியது. உன் பெரியம்மா வைத்த ஹிர்த்தா இரண்டாம் வசந்தத்தில் எழும்பவில்லை. நோயோ, தண்ணீர் போதவில்லையோ என்று அவள் ஒரு கிழமை மனம் நொந்தாள். அது வாழ்ந்து முடித்த செடி. முடிந்துபோனதற்கும் கெட்டுப்போனதற்கும் வித்தியாசம் தெரிந்தால் தோட்டத்தில் பாதித் துக்கம் குறையும்.

2. நிலத்தைக் குறையோடு சேர்த்து அறி. உன் ஊரின் தலைக்கு மேல் விமானம் போகும். சார்ல் து கோல் விமான நிலையம் 1974இல் திறந்த பிறகு, அந்த இரைச்சல் தாங்காமல் கூசேன்வில்லின் பழைய ஊர்ப்பகுதியை விட்டுப் போனவர்கள் பலர். அங்கே பூட்டிய வீடுகளை நீயே பார்த்திருப்பாய். செடிக்குச் சத்தம் பொருட்டில்லை, நிழல்தான் பகை. நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம் வேண்டும். யாழ்ப்பாணத்து இணுவிலில் என் அப்பா ஒரு பாத்தி பிடிக்கும் முன் காலை, மதியம், மாலை என்று வளவைச் சுற்றி வருவார். எங்கே நிழல் விழுகிறது, எங்கே நீர் தங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டியை எடுப்பார். நீயும் அப்படிச் சுற்றி வா. பார்ப்பதும் வேலைதான்.

3. விதைத்ததைக் கிண்டிப் பார்க்காதே. பங்குனி மாதம் சிறு தட்டில் மண் நிரப்பி, மேலாகத் தூவி, விதை மறைந்தும் மறையாமலும் மண் தெளி. அதற்கு வெளிச்சம் பிடிக்கும். 20 பாகை வெப்பமுள்ள யன்னல் ஓரத்தில் வை. இரண்டு மூன்று கிழமைக்குள் முளைக்கும். ஆனால் ஏப்ரல் வெயிலைக் கண்டதும் நாற்றை வெளியே கொண்டுபோய் நட்டுவிடாதே. மாமேர், பாங்கிராஸ், சேர்வே என்ற மூன்று 'பனிப் புனிதர்களின்' நாட்கள் மே 11, 12, 13 என்று பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அது கழியும் வரை இரவுப் பனியை நம்பமாட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் போர்த்துக்கேயக் கிழவர் ஏப்ரலில் கை நிறைய நாற்று வைத்துக்கொண்டு, நட்டுவிட்ட எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார். மே கடைசியில் அவருடைய பாத்திதான் நிறைந்திருக்கும். ஊரில் நாள் பார்த்து விதைத்தவர்கள் நாங்கள். இந்த மண்ணின் பஞ்சாங்கத்தையும் மதிக்கப் பழகு.

4. ஏற்கெனவே உண்டவனுக்கு ஊட்டாதே. ஊரில் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடந்த செம்மண்ணுக்கு நாங்கள் பூவரசங் குழை தாழ்த்தினோம், ஆட்டுப் பட்டி மறித்தோம். அந்த நிலத்துக்கு அது வேண்டும். கூசேன்வில் இருப்பது பிளேன் து பிரான்ஸ் என்ற சமவெளியில். கோதுமையும் சீனிக்கிழங்கும் காலங்காலமாக விளையும் வண்டல் மண். அதில் பசளையை அள்ளிக் கொட்டினால் ருட்பெக்கியா இலையும் தண்டுமாக நெடுத்து, முதல் மழைக்கே சாய்ந்துவிடும். பூவும் குறையும். நடும்போது ஒரு மண்வெட்டி மக்கிய எரு போதும். தேவையைக் கேட்காமல் செய்த உதவி, செய்தவரின் திருப்திக்காகச் செய்தது. பிள்ளை வளர்க்கும்போதும் இதை நினைவில் வை.

5. தண்ணீரை ஆழமாக ஊற்று, அடிக்கடி ஊற்றாதே. நட்ட முதல் கோடையில் வேர் இறங்கும் வரை கவனம் வேண்டும். அதன் பிறகு மழை இல்லாத கிழமையில் ஒரு நாள், அடியில், நன்றாக இறங்கும்படி விட்டால் போதும். இலை நனைய ஊற்றினால் கரும்புள்ளி நோய் பிடிக்கும். தினமும் மேலால் தெளித்து வளர்த்தால் வேரும் மேலேயே படுத்துவிடும். நீ ஒரு கிழமை லண்டன் போய்வந்தால் செடி விழுந்து கிடக்கும். 2022 கோடையில் பிரான்ஸ் காய்ந்து, தோட்டத்துக்கு நீர் விடவே பல இடங்களில் கட்டுப்பாடு வந்தபோது, ஆழ வேர் விட்டவை நின்றன. பங்குக் கிணற்றில் இறைப்பு முறைக்குக் காத்திருந்த எங்கள் அப்பாமார் இதை அறிந்தவர்கள்: முறை வரும் வரை தாங்கும் பயிரைத்தான் பயிர் என்பார்கள். கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு பீப்பாய் வாங்கி வை.

6. வெறுமையைக் கண்டு பயப்படாதே. செடிக்கும் செடிக்கும் நடுவில் 40 சென்ரிமீற்றர் விடு. முதல் ஆண்டு அந்த இடைவெளி கண்ணை உறுத்தும். விருந்தினர் வந்தால் வெட்கமாகக்கூட இருக்கும். நெருக்கி நட்டவர்களுக்குக் காற்றோட்டமில்லாமல் ஆவணியில் இலை மேல் வெண்சாம்பல் படியும். இடைவெளி நிரம்பும் வரை பொறுக்கவேண்டும். அதற்குக் கடைகளில் நீ காணப்போகும் 'கோல்ட்ஷ்டூர்ம்' என்ற ஃபுல்கிடா வகையின் கதையைக் கேள். 1937இல் செக் நாட்டு ஒலொமோட்ஸ் நகர நாற்றுப்பண்ணை ஒன்றில் ஹைன்ரிஹ் ஹாகெமான் என்ற ஜெர்மன் தோட்டக்காரரின் கண்ணில் அது பட்டது. தன் முதலாளியான கார்ல் ஃபர்ஸ்டரிடம் சொல்லி, பொட்ஸ்டாமில் வளர்க்கத் தொடங்கினார்கள். நடுவில் உலகப் போர் வந்தது. 1949இல்தான் அது விற்பனைக்கு வந்தது. இன்று உலகத்துத் தோட்டங்களில் எல்லாம் நிற்கிறது. நல்லதைக் கண்ட பிறகும் 12 ஆண்டு பொறுத்தவர்கள் இருக்கிறார்கள். உனக்கு இரண்டு கோடை பெரிதில்லை.

7. நஞ்சைத் தேடிப் போகாதே. வசந்தத்தில் துளிர் விடும்போது ஓடில்லா நத்தைகள் ஒரே இரவில் மொட்டையடிக்கும். கோபம் வரும். வீட்டுத் தோட்டக்காரருக்குச் செயற்கைப் பூச்சிகொல்லி விற்பதைப் பிரான்ஸ் 2019 ஜனவரி முதல் நிறுத்திவிட்டது. அந்தச் சட்டம் நல்லது. இரவு பத்து மணிக்கு ஒரு கைவிளக்கோடு போய்ப் பொறுக்கு. இந்தப் பூவுக்குத் தேனீயும் வரும் என்பதால் இன்னொன்றும் அறிந்துகொள். ஹிர்த்தாவின் இதழ் அடியில் புற ஊதா ஒளியை உறிஞ்சும் பொருள்கள் இருப்பதை 1972இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். நமக்கு முழுவதும் மஞ்சளாகத் தெரியும் இதழில், தேனீக்கு வழிகாட்டும் ஓர் இருண்ட வளையம் தெரிகிறது. நீ நட்டதனால் உனக்காகத்தான் பூக்கிறது என்று எண்ணாதே. உன் கண்ணுக்குப் படாத வாசகர்களுக்கும் அது எழுதுகிறது.

8. பூத்ததைக் கொய்யத் தயங்காதே. பூ மரத்தில் இருந்தால்தான் வடிவு என்று சிலர் தொடவிடமாட்டார்கள். வாடியதை நுள்ளிவிட்டால் செடி இன்னும் பூக்கும். மலர்ந்ததைக் கொய்தாலும் அப்படித்தான். காலையில், தண்டு நீளமாக வெட்டி, கீழ் இலைகளை உருவி, தண்ணீரை நாள்தோறும் மாற்றினால் ஒரு கிழமைக்கு மேல் நிற்கும். சுணை சிலருக்குக் கையில் அரிக்கும், கையுறை போடு. ஆவணியில் பாரிஸ் லாச்சப்பல் மாணிக்க விநாயகர் தேர் வெளிவரும் காலம்தான் உன் பாத்தி பொங்கி நிற்கும் காலம். 1985இல் தொடங்கிய கோயில் அது. அன்று தெருவெல்லாம் தேங்காய் உடைபடும். ஒரு கட்டு வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, ரயிலில் கார் து நோர் நிலையத்தில் வந்து இறங்கு. மணமில்லாத பூவைப் பிள்ளையாருக்குக் கொண்டுபோவதா என்று பெரியம்மாவின் சிநேகிதி ஒருத்தி கேட்டாள். எங்கள் பிள்ளையார் அறுகம்புல்லை ஏற்றுக்கொண்டவர் என்று பெரியம்மா சொன்னாள். இருப்பதில் நல்லதைக் கொண்டு போ; இல்லாததற்கு ஏங்கி வெறுங்கையோடு போகாதே.

9. அயலட்டைக்காகக் கத்தரியை எடுக்காதே. ஐப்பசி கடந்ததும் இதழ் உதிர்ந்து கறுத்த குமிழ்கள் மட்டும் நிற்கும். அசிங்கமாக இருக்கிறது, வெட்டு என்று உன் மாமியார் சொல்லலாம், மதிலுக்கு அப்பால் இருப்பவரும் சொல்லலாம். கொஞ்சத்தை மாசி முடியும் வரை விட்டுவை. சிவப்பு முகமும் சிறகில் மஞ்சள் பட்டையும் கொண்ட சிறு குருவி, பிரெஞ்சில் ஷார்தொனெரே, அந்த விதைகளைக் கொத்த வரும். உலர்ந்த தண்டும் இலையும் வேர்க்கட்டைக்குப் போர்வை, பூச்சிகளுக்கு ஒதுக்கிடம். பங்குனியில் அடியோடு வெட்டிவிடு. சுத்தம் வேறு, வெறிச்சோடச் செய்வது வேறு. ஊர் வாய்க்குப் பயந்து செய்த வேலையில் பாதி பிறகு திருப்பிச் செய்யவேண்டி வரும்.

10. கொடுத்ததுதான் மிஞ்சும் என்று நம்பு; கொடுப்பதிலும் அளவு வை. தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தச் செடிக்குச் சுவீடனின் ருட்பெக் குடும்பத்துப் பெயரை வைத்தார். உப்சாலாவில் இளைய ருட்பெக் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் அவர். அந்தக் குடும்பத்து முன்னவர், மூத்த ஓலோஃப் ருட்பெக், உலகத்துச் செடிகளையெல்லாம் படமாக்கி ஒரு பெருநூல் செய்ய முனைந்தார். 1702இல் உப்சாலா தீப்பற்றியபோது அச்சுக்கு வெட்டிவைத்த ஆயிரக்கணக்கான மரப்பலகைகள் சாம்பலாயின. அதே ஆண்டு அவரும் போய்விட்டார். முன்பே வேறு கைகளுக்குப் போயிருந்த பிரதிகள் எரியாமல் தப்பின. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட எங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆகவே விதையைக் காகித உறையில் போட்டு, வகையும் ஆண்டும் எழுதி, ஒன்றை நீ வைத்து ஒன்றை இன்னொரு வீட்டில் கொடுத்துவை. கோல்ட்ஷ்டூர்மை மட்டும் விதையால் நம்பாதே, பிள்ளைகள் தாயைப் போல இருக்கமாட்டா. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வசந்தத்தில் கிளப்பி, மண்வெட்டியால் பிளந்து, தடித்துக் கட்டையான நடுவை எறிந்து, வெளிப்பக்கத்து இளங்கட்டைகளை நடு. மிஞ்சியதைப் பகிர்ந்து கொடு. உன் செடி ஒரு மாரியில் அழிந்தாலும் கொடுத்த வீட்டிலிருந்து திரும்பி வரும். லாசினியாட்டா ஐரோப்பாவுக்குள் பரவியதே இப்படித்தான்: கனடாவிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்ததைப் பாரிசின் வெஸ்பாசியன் ரோபேன் வளர்த்து, இங்கிலாந்தின் ஜோன் டிரடெஸ்கண்டுக்குக் கொடுத்தார். 17ஆம் நூற்றாண்டில் நடந்த கொடுக்கல் வாங்கல் அது. ஆனால் அதே செடி இன்று ஐரோப்பிய ஆற்றங்கரைகள் பலவற்றில் தானாகப் பரவி, அங்கு இருந்த செடிகளை நெருக்குகிறது. எனவே வெட்டிய வேரைக் குரூ ஓடைக்கரையில் கொண்டுபோய்க் கொட்டாதே, கேளாதவர் வேலிக்குள் நட்டுவிடாதே. கேட்டவருக்குக் கொடு, கொடுக்கும்போது அது எவ்வளவு உயரும், எவ்வளவு பரவும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடு.