கண்ணில் விழும் இரண்டு பூக்கள்



"கண்ணிலே பூ விழுந்துவிட்டது" என்பது நம் பக்கத்து வழக்கு. வயதான பாட்டிக்குப் பார்வை மங்கினாலும் அதே சொல். வயலில் கண் குத்துப்பட்டு வெள்ளைத் தழும்பு விழுந்தவனுக்கும் அதே சொல். ஆனால் இவை இரண்டும் ஒன்றல்ல. ஒன்று சில மாதம் பொறுக்கும். மற்றது ஒரு நாளும் பொறுக்காது. பிசான அறுவடை நெருங்குகிறபடியால் இதை இவ்வாரம் எழுதுகிறோம்.

முதலாவது, புரை. கண்ணுக்குள் இருக்கும் வில்லை முதுமையினால் மங்கிப் பழுப்பேறுகிறது. வலியில்லை, சிவப்பில்லை. இதைக் கரைக்கச் சொட்டு மருந்து கிடையாது. பழைய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பதே சிகிச்சை. முற்காலத்தில் வில்லையை எடுத்தபின் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். 1992 முதல் மதுரை அரோலேபிலே செயற்கை வில்லைகள் குறைந்த விலையில் தயாராகின்றன.

இதற்கெல்லாம் வித்திட்டவர் நம் சீமைக்காரரே. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களைக் கொண்டே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகள் செய்தவர். சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்றபின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1988-இல் திருநெல்வேலிக்கும் வந்தது. ஆகையால் "புரை முற்றட்டும்" என்று வருஷக்கணக்கில் பாட்டியைத் திண்ணையில் உட்கார்த்தி வைக்க நியாயமில்லை. மிதமிஞ்சி முற்றினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, உள்ள பார்வையும் போகக்கூடும்.

இரண்டாவது பூவே எனக்குக் கவலை தருவது. நெல் உமி, கரும்புத் தோகை, பனைமட்டைக் கருக்கு, இவற்றில் ஏதேனும் பட்டுக் கருவிழியில் சிறு கீறல் விழுகிறது. அந்தக் கீறல் வழியே பூஞ்சைக் காளான் உள்ளே புகுந்து புண்ணாக்குகிறது. மதுரை வைத்தியர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி இன்னதென்று தெரிந்த கருவிழிப் புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வந்தவை. குளிர்ந்த தேசங்களில் இது அபூர்வம். நம்முடைய வயல்வேலையும் வெப்பமும் இதற்கு இடங்கொடுக்கின்றன.

பூஞ்சை மெதுவாகவே வளரும். முதலில் உறுத்தலும் நீர் வடிதலும் மட்டுமே. "தூசிதான் சாமி, நாளைக்குச் சரியாப் போயிரும்" என்பார்கள். அதற்குள் ஒருத்தி நாக்கால் தூசி எடுப்பாள். இன்னொருத்தி தாய்ப்பால் பீச்சுவாள். மூன்றாமவள் விளக்கெண்ணெய் விடுவாள். தாய்ப்பாலைக் குறைசொல்ல மனம் வரவில்லை. பிள்ளையின் வயிற்றுக்கு அது அமிர்தம். காயம்பட்ட கண்ணுக்கு அல்ல. இவற்றிலும் கேடு, வைத்தியர் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு. சிவப்பு தணியும், வலி குறையும். உள்ளே பூஞ்சை கொழுக்கும்.

கண்ணில் பட்டால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள், கண்ணை இறுக்கிக் கட்டாதீர்கள், எதையும் ஊற்றாதீர்கள். அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கள். அர்ச். லூசியம்மாளிடம் வேண்டிக்கொள்ளலாம், பஸ் ஏறிக்கொண்டே வேண்டுங்கள்.

வைத்தியர் சாய மருந்து விட்டுக் கீறலைப் பார்ப்பார். புண்ணாகியிருந்தால் அதில் துளி சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார். பூஞ்சை என்றால் நடமைசின் என்ற சொட்டு மருந்து. பழைய மருந்துதான், ஆனாலும் மதுரை, புதுச்சேரி, கோயம்புத்தூர் நோயாளிகளை வைத்துச் செய்து 2013-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், புதிய மருந்தொன்றைக் காட்டிலும் இதுவே நன்மை செய்தது. முதல் நாட்களில் மணிக்கொரு தரம், பிறகு வாரக்கணக்கில் விடவேண்டும். வலி நின்றதென்று பாதியில் நிறுத்துகிறவர்களே மறுபடி புண்ணோடு வருகிறார்கள்.

புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். புரைக்கு வைக்கும் வில்லை இதற்கு உதவாது. இறந்தவர் தானமாகக் கொடுத்த கருவிழியைப் பொருத்த வேண்டும்; அதை இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். புண் ஆறாத கண்ணில் பொருத்தினால் பலவேளை நிலைப்பதுமில்லை.

களத்திலும், அறுவடை மெஷினுக்குப் பின்னாலும் நிற்பவர்கள் சாதாரணப் பிளாஸ்டிக் கண்ணாடியாவது போட்டுக்கொள்ளட்டும். ஒருநாள் கூலி போய்விடுமே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருப்பவர்கள் எந்நேரமானாலும் பங்களாவில் வந்து சொல்லுங்கள். பஸ் செலவுக்கும் கூட வரும் ஆளுக்கும் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.