நியூயார்க் எதிர்கொண்டு வருமா?

தம்பி, பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறதே, அப்படியானால் லண்டனிலிருந்து கிளம்பும் விமானத்தை நோக்கி நியூயார்க்கே எதிர்கொண்டு வராதா என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் எரிச்சல்தான். உன்மேல் இல்லை, படித்தவர்களும் இதையே சொல்லித் திரிகிறார்கள். ஓடும் ரயிலுக்குள் பறக்கிற ஈ பின்சுவரில் போய் அறைபடுகிறதா? பெட்டிக்குள் இருக்கும் காற்றும் ரயிலோடு போகிறது. பூமியோடு வளிமண்டலமும் அப்படித்தான்.

லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே சுமார் 5,540 கி.மீ. அது மாறாது. நேரம்தான் மாறுகிறது: மேற்கே போக ஏறக்குறைய 8 மணி, திரும்பிவர 7 மணி. 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று போகும்போது முகத்தில் அறைகிறது, வரும்போது முதுகைத் தள்ளுகிறது. வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாடு அந்தக் காற்றைக் கிளப்ப, பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. ஆக, சுழற்சிக்குப் பங்கு உண்டு. நீ நினைத்ததற்கு நேர் எதிராக.

இந்தக் காற்றைப் பொறுமையாக அளந்தவர் ஓயிஷி வசாபுரோ என்ற ஜப்பானியர். 1920களில், டோக்கியோவுக்கு வடகிழக்கே தாத்தெனோ ஆய்வகத்தில் சிறு பலூன்களைப் பறக்கவிட்டு, கீழேயிருந்து கருவி வழியாக அவற்றைத் தொடர்ந்து பார்த்தார். குளிர்காலத்தில் உயரே போன பலூன்கள் கிழக்கே பிய்த்துக்கொண்டு ஓடின. 1926-இல் அறிக்கை வெளியிட்டார், அதுவும் எஸ்பெராந்தோவில்! உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று பொதுமொழியில் எழுதினார். உலகம் கண்டுகொள்ளவே இல்லை. 1944-இல் ஜப்பான்மேல் குண்டு போட வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அதே காற்றில் சிக்கிக் குறி தவறின. அந்தக் குளிர்காலத்திலேயே ஜப்பான், காகித பலூன்களில் குண்டு கட்டி அந்தக் காற்றில் ஏற்றி, பசிபிக்கைத் தாண்டி அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஓயிஷிக்காகவே எஸ்பெராந்தோ இலக்கணம் ஒன்றை வாங்கினேன். மொத்தம் 16 விதிகள்தான், 7-வதோடு நின்றுவிட்டேன்.

எங்கோ போய்விட்டேன். 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தரையை வைத்துப் பார்த்தால் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீ.க்கும் மேல். உடனே ஒலியை முந்திவிட்டது என்று சிலர் துள்ளினார்கள். முந்தவில்லை. காற்றே ஓடும்போது, அந்தக் காற்றுக்குள் விமானம் தன் வழக்கமான வேகத்தில்தான் போனது.

அட்லாண்டிக்கின் மேல் விமானத் தடங்களைத் தினமும் புதிதாக வரைகிறார்கள். கிழக்கே போகிறவர்கள் காற்றைத் தேடிப் போகிறார்கள். மேற்கே போகிறவர்கள் அதை விட்டு ஒதுங்கி, சில நாள் கூடுதல் தூரம் பறந்தும் சீக்கிரம் சேர்கிறார்கள். தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்து, ‘ஏன் சுற்றிப் போகிறது?’ என்று மட்டும் எனக்கு எழுதாதே. வீட்டில் உலக உருண்டை இருக்கும், உண்மையான குறுக்குவழி அதில்தான் தெரியும். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடி. அது எந்த இடத்தை உரசிக்கொண்டு போகிறது என்று பார்த்து எழுது.