அப்பாயியின் சிவப்பு ஐசி

குளுவாங்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

நேற்று உன் அப்பன் போன் போட்டான். "இன்னும் நாலு மாசந்தாண்ணே, வக்கீல் சேம்பரிங்கைப் பாதியில விடுறேங்கிறா" என்றவன் அதற்கு மேல் பேசவில்லை. விடிகாலை நாலரைக்கு மோட்டாரை உதைத்துச் சிங்கப்பூர்க் காஸ்வேயைக் கடக்கிறவனுக்கு உட்கார்ந்து கோபப்படக்கூட நேரம் இல்லை. இங்கிலாந்துக்குப் போய் அரசியல் தத்துவத்தில் ஆராய்ச்சி செய்யப் போகிறாயாம். உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. முடிவு உன்னுடையதுதான். எழுதாமல் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது.

சமுதாய ஒப்பந்தம் என்று ரூசோ 1762இல் எழுதியதைப் பற்றி அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் எவ்வளவு ஆசையாகப் பேசினாய்! தோட்டத்தில் வளர்ந்த எனக்கு ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு பிசையும். பெருவிரலை மையில் அமுக்கி, படிக்கத் தெரியாத காகிதத்தில் வைத்தார்களே, அதுதான் நம் ஆட்களுக்கு ஒப்பந்தம். மலாயாவில் அந்த ஒப்பந்தக் கூலி முறையை 1910இல் நிறுத்தினார்கள். கங்காணி ஆள் பிடித்துக் கொண்டுவந்தது 1938 வரை ஓடியது.

போன தீபாவளிக்கு நீ விட்டுப்போன ஜான் லாக் புத்தகத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுசாகப் படித்துவிட்டேன். முப்பது வருஷம் தோட்டத்தில் செக்ரோல் கணக்கு எழுதிய கிராணி நான். வரிக்கு வரி கணக்குப் பார்த்துத்தான் படிக்க வரும். 1689இல் வந்த நூல். பொதுவாகக் கிடக்கும் நிலத்தில் ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகிவிடும் என்கிறார். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் லாபிஸ் தோட்டத்தில் உன் அப்பாயி நாற்பது வருஷம் பால் வெட்டிய நிரை யாருக்குச் சொந்தம்? அடுத்த பத்தியிலேயே பதில் இருக்கிறது. குதிரை மேய்ந்த புல்லையும் வேலையாள் வெட்டிய புல்கட்டியையும் ஒரே மூச்சில் சொல்லி, இரண்டும் எஜமானனுக்கே என்று முடித்துவிடுகிறார். அந்த வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை.

அதைவிட வாட்டியது இன்னோர் இடம். பிறக்கிற குழந்தை எந்த நாட்டுக்கும் குடி அல்ல, வளர்ந்து விவரம் தெரிந்தபின் தானே தேர்ந்துகொள்ளும் என்கிறார். அவருக்கு அது விடுதலை. அப்பாயியும் எந்த நாட்டுக்கும் குடியில்லாமல்தான் பிறந்தாள், லயத்து வீட்டில், கங்காணி மனைவி கையில், பிறப்புப் பத்திரம் இல்லாமல். வளர்ந்து விவரம் தெரிந்தபின் அவள் கேட்டது இந்த நாட்டைத்தான். சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்கிறேன். மெர்டேக்காவுக்குப் பின் ஓராண்டு அவகாசம் இருந்தது. இங்கே பிறந்தவர்கள் அதற்குள் குடியுரிமைக்கு மனுப் போட்டால் மலாய்மொழித் தேர்வு இல்லை. 1958 ஆகஸ்டில், கெடு முடிகிற சமயம், தோட்டத்து லாரி ஆட்களை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனது. உன் தாத்தா ஏறினார். அப்பாயிக்கு நான் வயிற்றில், ஒன்பது மாதம். லாரியில் கால் வைத்தவள், அடுத்த தடவை போய்க்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டாள். அடுத்த தடவை லாரி வரவில்லை. பத்து நாளில் நான் பிறந்தேன். மெர்டேக்காவுக்குப் பின் இந்த மண்ணில் பிறந்ததால் பிறப்பிலேயே குடிமகன். என்னைப் பெற்றவளுக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி. பிறகு நேர்காணலுக்குப் போனாள். சந்தையில் மீன்காரரிடம் மலாயில் பேரம் பேசி ஜெயிக்கிறவளுக்கு அந்த மேசைக்கு முன்னால் நாக்கு எழவில்லை. 1969க்குப் பின் வேலை செய்ய பெர்மிட் கேட்டார்கள். சின்ன தாத்தா இந்தியாவுக்கு ரஜூலா கப்பலில் ஏறிவிட்டார், அப்பாயி மாட்டேன் என்றாள்.

2013 மே 5, தேர்தலில் முதன்முறையாக விரலில் மை வைத்த நாள். உனக்குப் பன்னிரண்டு வயது, பக்கத்தில்தான் நின்றாய். வோட்டுப் போட்டு வந்த என் விரலைப் பிடித்து அப்பாயி அந்த மையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்! மறு வருஷம் போய்விட்டாள்.

தத்துவஞானி மில்லைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி மேசையில் இருந்தவர், அடுத்த வருஷமே சுதந்திரத்தைப் பற்றி நூல் போட்டு, பின்தங்கிய மக்களுக்கு அது பொருந்தாது என்றும் எழுதினார். ஹன்னா அரெண்ட் வேறு. 1933இல் ஜெர்மனியிலிருந்து தப்பியவருக்கு 1951இல்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. அதே வருஷம் சர்வாதிகாரத்தைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகமும் வந்தது. ஒரு நாட்டில் இடம் இல்லாதவரை எந்த மனித உரிமையும் வந்து காப்பாற்றாது என்பதை அந்த அம்மா காகிதமில்லாமல் அலைந்து கற்றுக்கொண்டார். அதைப் படிக்க நீ அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

நம் ஜொகூர் சுல்தான் அபு பக்காரும் தூரம் போனவர்தான். ஐரோப்பாவை நேரில் பார்த்து வந்தவர், பார்த்ததைச் சட்டமாக எழுதிவைத்தார். 1895 ஏப்ரல் 14இல் ஜொகூருக்கு எழுதப்பட்ட அரசியலமைப்பு வந்தது. நாட்டை அந்நியருக்கு ஒப்படைக்கக் கூடாது என்று அதில் விதி உண்டு. ஜூனில் லண்டனில் இறந்துவிட்டார். 1914இல் ஆங்கிலேய ஆலோசகரின் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டி வந்தது உண்மைதான். ஆனால் அந்த எழுத்து இன்றும் நிற்கிறது.

கோயிலில் மாலை கட்டுகிற பையனை உனக்குத் தெரியும். பதினாறு வயது. தாய் அயல்நாட்டவர், கல்யாணத்தைப் பதியவில்லை, பையன் எந்த ஏட்டிலும் இல்லை. நீதான் எனக்கு அரசியலமைப்பில் சிறுவயதினருக்குக் குடியுரிமை தரும் 15அ பிரிவைச் சொல்லிக்கொடுத்தாய். அதற்கு வயது வரம்பு உண்டு, தாண்டினால் அந்தக் கதவு அடைபடும் என்றும் சொன்னாய். உன் ஆராய்ச்சி முடிய நாலு வருஷம் ஆகும். சேம்பரிங் முடிய நாலே மாதம். கறுப்புக் கோட்டுப் போட்டு அவனுக்கு ஒரு மனுவாவது எழுதிவிட்டுப் போனால் என்னம்மா? மறுபடி சொல்கிறேன், முடிவு உன்னுடையது.

திட்டியது மாதிரி இருந்தால் பெரியப்பாவை மன்னித்துக்கொள். நம் குடும்பத்தில் இவ்வளவு படித்தவள் நீ ஒருத்திதான். உன் பெயரைச் சொல்லாமல் எனக்கு ஒரு காப்பி இறங்காது. பெரியம்மா உனக்கென்று அச்சுமுறுக்கு சுட்டு மைலோ டின்னில் அடைத்து வைத்திருக்கிறாள். விமானச் சீட்டுக்குப் பணம் குறைந்தால் என் ஈபிஎஃப்பில் இருக்கிறது, உன் அப்பனிடம் சொல்லாதே. அங்கே அக்டோபரிலேயே குளிருமாம். இங்கே கடையில் ஒரு கம்பளிச் சட்டை பார்த்தேன், நீல நிறம், கழுத்துவரை மூடும். உன் அளவு தெரியாமல் வாங்காமல் வந்துவிட்டேன். அளவை அனுப்பு.

உன்
பெரியப்பா