கோழி அறியாத முட்டை

மன்னார் பேசாலையில் எங்கள் பழைய வளவின் கோடிப்புறத்தில், வேலி அடைப்பதற்கென்று வெட்டி அடுக்கி, மாரி மழையில் நனைந்து அடிப்பாகம் மக்கிப்போன பனையோலைக் குவியலொன்று கிடந்தது. எனக்குப் பத்து வயது நடந்த காலத்தில் ஒருநாள் அதைக் கிளறியபோது, ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்த ஒன்பது வெள்ளை முட்டைகளைக் கண்டேன். விரலால் மெல்ல அழுத்தினால் ஈரத்தோலைப் போலக் குழிந்து மீண்ட அந்த நீள முட்டைகள் சாரையின் முட்டைகள் என்பது பெரியவர்கள் சொல்லிப் பிற்பாடு தெரிந்தது. அன்று எனக்கு உதித்த யோசனை என் சின்னப் புத்திக்கு மகா சாமர்த்தியமாகவே பட்டது. அம்மா அடைக்கு வைத்திருந்த கறுத்தக் கோழியின் அடியில், ஒருவரும் காணாதபடி, அவற்றைப் பிய்த்துப் பிரித்துச் செருகிவிட்டேன். இருபத்தோராம் நாள் கோழிக்குஞ்சுகள் வெளிவந்தன. பாம்பு முட்டைகளோ வற்றிச் சுருங்கி மஞ்சள் பற்றிக் கிடந்தன, கீறிப் பார்த்தால் நூல்போல் சுருண்ட சிசுக்கள் உள்ளே செத்திருந்தன. அதற்காக ஈர்க்குமாற்றால் எனக்குக் கிடைத்த பிரசாதம் வேறு கதை.

சில மாதங்களுக்கு முன் லண்டனிலிருந்து அக்காவின் பேரன் தொலைபேசியில் அழைத்திராவிட்டால் இந்தச் சம்பவம் என் ஞாபகத்துக்கு வந்திராது. அவன் அங்கே ஒரு சோடி ‘கோர்ன் ஸ்நேக்’ வளர்க்கிறான். விஷமற்ற, எலி தின்னும் அமெரிக்கப் பாம்பு, நம்முடைய சாரைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். அந்தச் சோடியில் பெண் முதல் ஈடாகப் பதினான்கு முட்டைகள் இட்டிருந்தது. “தாத்தா, அம்மம்மா நாளுக்கு ஒருக்கால் பிரட்டி விடச் சொல்லுறா, பிரட்டட்டோ?” என்று கேட்டான். பக்கத்தில் இருந்த அக்கா எனக்கு முந்திக்கொண்டு, “கோழி பிரட்டுறேல்லையோ? அது மாதிரித்தானே!” என்றாள். பாம்பு முட்டையைப் பற்றி நம்மவர்கள் கொண்டிருக்கும் தவறான அபிப்பிராயங்களுள் பாதிக்கு மேற்பட்டவை, முற்றத்துக் கோழியை மனதில் வைத்துக்கொண்டு பாம்பைப் பார்ப்பதனால் விளைந்தவை என்பது அந்தக் கணத்தில்தான் எனக்குப் புலனாயிற்று.

முதலில் பிரட்டுகிற விஷயம். கோழி முட்டைக்குள் மஞ்சட் கருவை இருபுறமும் முறுக்கிய கயிறுபோல் பிடித்துத் தொங்கவிடும் ஓர் அமைப்பு உண்டு. பேடு அடிக்கடி முட்டையைப் புரட்டுவதனால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் காக்கப்படுகிறது. ஊர்வனவற்றின் முட்டையில் அந்தக் கயிறு கிடையாது. இட்ட சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கரு மேற்புறத்தை நாடி நின்று, அங்கேயே தோலின் உட்புறத்தைப் பற்றிக்கொண்டு, இரத்த நாளங்களைப் பரப்பத் தொடங்குகிறது. அதன் பின்னர் தலைகீழாக்கினால் கனத்த மஞ்சட் கரு அதன்மேல் அழுத்தும். ஆமை, முதலை முட்டைகளுக்கு இது பெரும்பாலும் மரணம். பாம்பு முட்டைகளுள் சில தப்பிப் பிழைப்பதுமுண்டு என்றாலும், தப்பும் என்று நம்பிப் புரட்டுவது புத்தியாகாது. ஆகவேதான் கைதேர்ந்த வளர்ப்பாளர்கள் முட்டையை எடுத்தவுடன் அதன் உச்சியில் பென்சிலால் ஒரு புள்ளி இட்டு, அந்தப் புள்ளி வானத்தையே பார்த்திருக்குமாறு கடைசி நாள் வரையும் வைக்கிறார்கள். ஒட்டிய முட்டைகளை நான் செய்ததுபோல் பிய்ப்பதும் ஆகாது. தோல் கிழிந்தால் கதை முடிந்தது.

அடுத்தது உஷ்ணம். அடைக்கோழியின் அடியில் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் சூடு இருக்கும். சாரைக்கும் பேரனுடைய பாம்புக்கும் வேண்டியது 28 பாகையை ஒட்டிய இளஞ்சூடுதான். அதுவும் மூன்று வாரமல்ல, ஏறக்குறைய இரண்டு மாதம். ‘சூடு கூடினால் கெதியாகப் பொரிக்கும்’ என்ற வாக்கில் அரைவாசி உண்மை உண்டு. நாட்கள் குறையும்; ஆனால் முதுகு வளைந்தும் வால் முறுகியும் ஊனமாகப் பிறக்கிற குஞ்சுகளும், முட்டைக்குள்ளேயே வெந்துபோகிறவைகளும் பெருகும். லண்டன்காரனுக்கு வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி பொருத்திய பெட்டி தேவை. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வேகும் மன்னார் வீட்டுக்கோ நேர் எதிரான கவலை.

சூட்டைப் பற்றிப் பேசும்போது வெங்கிணாந்தி என்னும் மலைப்பாம்பைச் சொல்லாமல் விடலாகாது. பாம்பு குளிர்ந்த பிராணி, அது அடைகாப்பதாவது என்று படித்தவர்கள் நகைத்த காலம் ஒன்றிருந்தது. வங்காளத்தில் மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு சூடு கொடுப்பதாக 1830-களில் லமார்-பிகோ என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அறிவித்தபோது, கழகத்தார் அதை ஏற்கவில்லை. 1841-இல் அதே பாரிஸ் மாநகரத்து மிருகசாலையில் ஒரு மலைப்பாம்பு அடைக்குக் கிடக்க, வலன்சியன் என்ற பேராசிரியர் வெப்பமானியைச் சுருளுக்குள் செருகிப் பார்த்து, நாட்டுப்புறத்தான் பேச்சே மெய்யென்று கண்டார். ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பின், 1966-இல், அமெரிக்க ஆய்வாளர்கள் அதன் உபாயத்தையும் விளக்கினார்கள்: சுற்றுப்புறம் குளிரக் குளிரத் தாய்ப்பாம்பு தன் தசைகளை விக்கல்போல் விட்டுவிட்டுச் சுருக்கி, உடலைச் சூடாக்கிக்கொள்கிறது. இங்கே மட்டும் படித்தவன் தோற்று, பாமரன் வென்றான். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷமுமுண்டு. ஆயினும் இது மலைப்பாம்பினத்தின் விசேஷம். நாகம் முட்டைகளுக்கு அருகே காவல் கிடக்கும். பேரனுடைய அமெரிக்கப் பாம்போ இட்டதோடு திரும்பியும் பாராது.

ஈரத்தில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். கோழி முட்டை தனக்கு வேண்டிய நீரைத் தன்னுள்ளேயே கொண்டு பிறக்கிறது; பாம்பு முட்டையோ சுற்றியுள்ள மண்ணிலிருந்து நீரை உறிஞ்சிப் பருக்கும். நனைத்துப் பிழிந்த தென்னந் தும்புச் சோற்றில் பாதி புதைத்து, மூடியில் ஊசித் துளைகள் இட்ட பெட்டியில் வைத்தால் போதும். கையில் பிழிந்தால் ஒரு துளியும் சொட்டக்கூடாது என்பதே அளவு. முட்டையின்மேல் நீர் தெளிப்பவன் அதை மூச்சுத்திணறக் கொல்கிறான். குழி விழுந்ததெல்லாம் கெட்டதென்று எறிந்துவிடவும் கூடாது: நடுநாளில் குழிந்தால் ஈரம் போதவில்லை என்பது அடையாளம், பொரிப்பதற்குச் சில நாள் முந்திக் குழிவதோ இயல்பு. சந்தேகமானால் இருட்டில் டோர்ச் லைட்டை அடியில் பிடித்துப் பார்க்கலாம். செந்நிற நரம்புகள் வலையாய் ஓடினால் உள்ளே ஜீவன் இருக்கிறது.

‘சூட்டு மண்ணில் பெண், குளிர் மண்ணில் ஆண்’ என்று கடற்கரையார் சொல்வது மன்னார் வளைகுடாவின் கடலாமைகளுக்குச் சரியே. பாம்புக்கு அது பொருந்தாது; அங்கே பாலைத் தீர்மானிப்பவை நிறமூர்த்தங்கள். ஆணின்றிக் குஞ்சு இல்லை என்ற பேச்சும் முழுதும் செல்லாது. பூச்சாடி மண்ணில் மண்புழுவெனத் தோன்றி நெளியும் குருட்டுப் பாம்பின் இனத்தில் எல்லாமே பெண்கள். ஆண் துணையின்றியே சின்னஞ்சிறு முட்டைகளிட்டு உலகத்துத் தோட்டங்களிலெல்லாம் அது பரவியிருக்கிறது. நாகமும் சாரையும் பிணைவதாக நம்மூரில் சத்தியம் செய்வோர் கண்டது, பெரும்பாலும், பெண்ணுக்காகப் பின்னிப் போராடும் இரண்டு ஆண் சாரைகளை.

கண்ட முட்டை எந்தப் பாம்பினது என்று நிச்சயிப்பது எளிதன்று. மன்னாரின் மணற்காட்டில் நாம் அதிகம் அஞ்சும் சுருட்டை விரியனும், வயலோரத்துக் கண்ணாடிப் புடையனும் முட்டையிடுவதேயில்லை, குட்டிகளாகவே ஈனுகின்றன. தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு குட்டிகள் வருமென்பது வெறும் கட்டுக்கதை. வலையில் அகப்படும் கடற்பாம்புகளும் கடலிலேயே குட்டி போடுகிறவை. ஆகவே வளவில் கிடைக்கும் தோல்முட்டை சாரையுடையதாக இருக்கலாம். நாகமோ கட்டுவிரியனோ இட்டதாகவும் இருக்கலாம். நாகக்குஞ்சு முட்டையை விட்டு வெளிவந்த அன்றே படம் விரிக்கும், கடிக்கும், விஷமும் ஏற்றும். ‘குட்டிக்கு விஷமில்லை’ என்பதும் பொய். ‘குட்டியின் விஷமே கொடியது’ என்பதும் மிகைதான், ஏனெனில் அதனிடமுள்ள அளவு கொஞ்சம். மடுமாதாவின் கோயில் மண்ணைப் பாம்புக்கடிக்குக் காவலென்று வீட்டில் வைத்திருப்போர் நம்மிடையே பலர். வைத்திருக்கட்டும், ஆனால் கடிபட்டவனை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடவேண்டும். மேலும், 1937-ஆம் ஆண்டின் தாவர, விலங்குப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் அமுலிலிருக்கிறது. லண்டன் பையன் கடையில் வாங்கி வளர்ப்பதைப் பார்த்து, இங்கே வெங்கிணாந்தி முட்டையை வீட்டுக்கு அள்ளி வருகிறவன் வனசீவராசிகள் திணைக்களத்துக்குப் பதில் சொல்ல நேரும்.

ஐம்பத்தொன்பதாம் நாள் மறுபடி தொலைபேசி வந்தது. ஒரு முட்டையில் சவரக்கத்தியால் கீறியதுபோல் இரண்டு கோடுகள், அவற்றினூடே ஒரு மூக்கு. குஞ்சின் மேல்தாடையில் இதற்கென்றே முளைத்துப் பின் உதிர்ந்துபோகும் ஒரு பல்லின் வேலை அது. பன்னிரண்டு மணி நேரமாகியும் வெளியே வரவில்லையே, கத்தரிக்கோலால் சற்றுத் திறந்து விடட்டுமா என்று பதறினான். வயிற்றோடு சேர்ந்த மஞ்சட் கருவின் மிச்சத்தை அது உள்ளிழுத்துக்கொண்டிருக்கும், இழுத்தெடுத்தால் நாளம் அறுந்து இரத்தம் பாயும், ஓரிரு நாள் அப்படியே கிடக்கும் என்றேன். அக்கா தொலைபேசியை வாங்கினாள். “கொஞ்சம் பால் வைச்சுப் பார் ராசா” என்றாள். பாம்புக்குப் பால் உணவே அல்ல, பத்து நாள் கழித்து முதற் சட்டை உரித்த பிறகுதான் சின்ன எலிக்குஞ்சொன்று தின்னும் என்று நான் பக்கத்திலிருந்து சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அந்தக் கறுத்தக் கோழியைக் கெடுத்த ஆள்தானே நீ” என்றாள்.